ஒலிபெருக்கியில் அவள் பெயர்

அன்பு மகன் சைதிமுவுக்கு அம்மா எழுதுவது. தோஹா வெயிலில் காவல் நிற்கும் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற நினைப்போடுதான் தினமும் கண் விழிக்கிறேன், இங்கே நானும் உன் தங்கை நாபுலுவும் ஆடுகளும் குறையில்லாமல் இருக்கிறோம். ஒட்டகம் கன்று போட்டிருக்கிறது, பாலுக்குப் பஞ்சமில்லை, உனக்கு ஒரு சுரைக்குடுக்கை அனுப்பத்தான் வழியில்லை. மழை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

விசாரணை என்ன ஆச்சு என்று நீ போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன், சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பட்டாள முகாம் வேலியோரம் விறகு பொறுக்கப் போன உன் அக்காவை அந்த வெளிநாட்டுச் சிப்பாய் சீரழித்ததும் அவள் பிழைக்காமல் போனதும் ஊருக்கே தெரியும், இத்தனை வருஷம் கழித்து அதைக் கேட்க நைரோபியிலிருந்து ஒரு குழு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மரியாதை என்று கூடார வாசலில் துணியில் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தார்கள். மரியாதை அந்தத் துணியோடு சரி. அவர்களும் பட்டாளத்து வக்கீலும் நிழலில் நாற்காலியில், நாங்கள் வெயிலில் தரையில். நல்ல மணிமாலைகளாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன், என் புத்தியைச் சொல்லவேண்டும்.

குமாஸ்தா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான், பேர் சொன்னதும் கையைத் தூக்கணும் என்றான், எடுத்த எடுப்பில் உன் அக்காவின் பெயரைக் கூவினான். மண்ணுக்குப் போனவர்களின் பெயரை நாம் யாரும் வாயால் சொல்வதில்லை, உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஒருவரும் மெனக்கெடவும் இல்லை. பெண்கள் எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அவன் மறுபடி மறுபடி கூவிவிட்டு, ஆள் வரல, அடுத்தது என்றான். நாபுலு எழுந்து, ஆள் எப்படிய்யா வருவா, அவ மண்ணுக்குள்ள இருக்கா, அவளப் பெத்தவ இதோ உக்காந்திருக்கா என்றாள். அப்ப ஏன் கையத் தூக்கல, பேரச் சொல்லி என் மகதான்னு சொல்லட்டும், பதிஞ்சுக்கறேன் என்றான். செத்தவங்க பேர நாங்க சொல்றதில்ல சார், அவ என் மூத்த பொண்ணு, அது போதாதா என்று கேட்டேன். பேரில்லாம என்ன புகாரும்மா என்று சிரித்தான். மொழிபெயர்க்க வந்தவன் நம்ம ஆள்தான், அந்தப் பாவி செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. வக்கீல் எழுந்து, சிப்பாய்க்கும் குடும்பம் இருக்கிறது, அவர் பெயர் வெளியே வரக்கூடாது என்றார். குழுவின் தலைவரம்மா அந்த நொடியே சரியென்று தலையாட்டினார், அவர்கள் காகிதத்தில் அவன் இனி வெறும் நான்காம் சிப்பாய். நான் எழுந்து, அவன் பேர மூடத் துணி இருக்குல்ல அம்மா, அதுலயே ஒரு முழம் கிழிச்சு என் பொண்ணு பேருக்கும் போடுங்க என்றேன். உணர்ச்சிவசப்படாதீங்க என்றார்கள். புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எப்படி மரியாதை கொடுப்பது என்று தெரியாதவர்கள் இல்லையடா அவர்கள், யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் வஞ்சகம்.

அடுத்த அமர்வு இசியோலோவில், அதையும் விட்டால் அவள் கதை அத்தோடு மூடப்படும். நீ படித்தவன், குழுவுக்கு நீயே எழுது. இறந்த பெண்ணின் தாய் என்று கூப்பிடட்டும், அடுத்த நிமிஷம் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொல்கிறேன் என்று எழுது. கோபத்தில் ஏதாவது எழுதி அவர்களுக்குச் சாக்குக் கொடுத்துவிடாதே, அந்தப் பெயரையும் எழுதிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, மேற்பார்வையாளனோடு மல்லுக்கு நிற்காதே. மேலே இருக்கும் நம் தெய்வம் என்காய் உன் தலைக்குக் குளிர்ச்சியைத் தரட்டும், நீ போகும் பாதையெல்லாம் பச்சையாக இருக்கட்டும்.

நாபுலுவிடம்கூடச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். உன் அக்கா இருந்தவரை அவள் பெயரைச் சொல்லி அவ அம்மா என்றுதான் ஊரார் என்னைக் கூப்பிட்டார்கள், அவள் போனபின் உன் பெயருக்கு மாறினார்கள். குமாஸ்தா முதல் தடவை கூவியபோது எனக்குக் கோபம் வரவில்லை சைதிமு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும், விறகோடு வருகிறாளா என்று பாதையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
இப்போது உன் பெயரால் அழைக்கப்படும்
உன் அம்மா