இரண்டு முறை திருப்பிய சங்கிலி

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, புத்திதான் ஒருவருக்கும் இல்லை. நம் படகு துறைச்சுவரில் மோதியதை உன் தம்பி போனில் ஒருவிதமாகச் சொல்லியிருப்பான், அத்தான் வேறுவிதமாகச் சொல்லியிருப்பார், நீ இரண்டு பேரிடமும் ஐயோ பாவம் என்றிருப்பாய். நடந்ததை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு உனக்கும் குமட்டட்டும்.

டீசல் மூடியைத் திறந்து வைத்தது யார் என்ற சண்டையில் மச்சானும் மச்சானும் பேச்சை நிறுத்தியது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு வாரம் இவன் படகை எடுப்பான், மறு வாரம் மூத்த மாப்பிள்ளை, உன் அத்தான், எடுப்பார், நடுவில் நான் தபால்காரி. எஞ்சினில் ஆயில் குறையுதுன்னு சொல்லிடுங்க அத்தை என்பார் அவர், எனக்குக் கண் இருக்குன்னு சொல்லும்மா என்பான் இவன், இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பது ஒரே கூடத்தில். சாப்பாட்டில் உப்பைக்கூட என் வழியாகத்தான் கேட்கிறார்கள். உன் அக்கா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள்.

உன் அப்பா போன பிறகு படகு விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பார்த்துக் கற்றதுதான். நங்கூரத்தில் மாட்டியிருக்கிற முனைதான் கடலடியில் மணலிலும் கல்லிலும் உரசித் தேயும், படகுக்குள் சுருண்டு கிடக்கிற முனை புதுசு போலவே இருக்கும். அதனால் ஒரு கட்டத்தில் சங்கிலியைத் திருப்பி, நல்ல முனையை நங்கூரத்தில் மாட்டித் தேய்ந்ததை உள்ளே போட்டுவிட வேண்டும். ஒரே ஒரு தடவை செய்கிற வேலை. மழைக்கு முன்னால் தம்பி தன் வாரத்தில் அதைச் செய்துவிட்டான், ஒழுங்காகவே செய்திருக்கிறான், யாரிடமும் மூச்சு விடவில்லை. மழை விட்டதும் மாப்பிள்ளைக்கு அதே ஞானம் உதித்தது. அந்தச் சோம்பேறி எங்கே செய்திருக்கப் போகிறான் என்று, சேறு அப்பியிருந்த சங்கிலியைத் துடைத்துக்கூடப் பார்க்காமல் அவரும் திருப்பிவிட்டார். தேய்ந்த முனை மறுபடி நங்கூரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

போன வாரம் தம்பியின் முறை. மதியம் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். பெரிய காற்றுகூட இல்லை, சங்கிலி அறுந்து, படகு நகர்ந்து, சுவரில் இடித்த பிறகுதான் விழித்திருக்கிறான். சுக்கான் வளைந்தது போகட்டும், இன்னும் ஒரு முழம் தள்ளி இடித்திருந்தால் அவன் தலை வைத்துப் படுத்திருந்த பலகையில்தான் பட்டிருக்கும். மிச்சச் சங்கிலியை நானே வெளியே இழுத்துப் போட்டேன், துருவும் சேறும் செத்த நத்தையும் சேர்ந்து நாறியது. நல்ல வளையத்தை இறுக்கிப் பிடிக்கிற ஸ்பேனர் ஒன்று வைத்திருக்கிறேன், அறுந்த பக்கத்து வளையங்களில் அது கலகலவென்று ஆடியது, அவ்வளவு தேய்மானம். வீட்டுக்கு வந்து கேட்டால், நான்தான் திருப்பிட்டேனே என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். பிறகு இவன், என்னைக் கொல்லப் பார்த்தாரான்னு கேளும்மா என்றான். அவர், நல்லது செஞ்சதுக்கு இந்தப் பேரா அத்தை என்றார். அப்போதும் என்னைப் பார்த்துத்தான். சீ என்று போய்விட்டது எனக்கு.

பழைய சங்கிலியை உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் புதுசாகிவிடும் என்றார் மாப்பிள்ளை. மேலே பூசினால் துரு மறையும், தேய்ந்துபோன இரும்பு திரும்பி வராது என்று சொல்லிவிட்டுப் புதுசே வாங்கித் தெருமுனையில் இறக்கச் சொன்னேன். கூலிக்கு ஆள் கூப்பிட்டால் படகையே விற்றுவிடுவேன் என்றேன். வேறு வழியில்லாமல் கம்பத்தில் கோத்து, முன்னால் இவன் தோளும் பின்னால் அவர் தோளுமாகத் தூக்கினார்கள், நான் கூடவே நடந்தேன். தையற்கடைத் திருப்பத்தில் மாப்பிள்ளை, முன்னால குழிடா என்றார். தெரியுது மச்சான், நீங்க தள்ளாம வாங்க என்றான் இவன். அவ்வளவுதான் பேச்சு, படகுத்துறையில் கொண்டுபோய் இறக்கினார்கள். இதற்காக நீ அங்கே சந்தோஷப்பட்டுக் கண்ணைத் துடைக்காதே, எனக்கு இன்னும் அருவருப்பு அடங்கவில்லை. நங்கூர முனையில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தால் திருப்பியது தெரியும் என்று எனக்கே ஒரு யோசனை வந்தது. கூடாது என்று விட்டுவிட்டேன். பெயிண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், வாயைத் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நீயும் இனி இருவரிடமும் தனித்தனியாகப் பேசி ஆளுக்கொரு சமாதானம் சொல்லாதே. போன் செய்தால் இருவரும் கூடத்தில் இருக்கும்போது செய், ஸ்பீக்கரில் போட்டுப் பேசு. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். பழைய சங்கிலியை வாசலிலேயே போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் அதைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குள் வருகிறார்கள். நீ வரும்போதும் அங்கேதான் கிடக்கும், கால் தடுக்காமல் பார்த்து வா.

மனசு ஆறாத உன்
அம்மா