குருணை எந்தப் பத்தியில்

மார்ச் 3, செவ்வாய்

தானிய ஏற்றுமதித் தடை ஆணை இன்று வெளியாயிற்று. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்துப் பொருள் பட்டியல் என் கைவேலை. பதினோரு வருடமாக அதையேதான் ஒவ்வொரு ஆணையிலும் ஒட்டுகிறோம். உணவு ஒரு பத்தி, தீவனம் ஒரு பத்தி. உணவுப் பத்தியில் இருப்பதை, பற்றாக்குறையில் தவிக்கும் நாடு கேட்டால் தடையை மீறி அனுப்பலாம். தீவனப் பத்திக்கு அந்த விலக்கு கிடையாது. மாட்டுக்கும் கோழிக்கும் போவதற்காக எந்த நாடு வந்து மன்றாடப் போகிறது?

என் தலைக்கு மேல் மின்விசிறி மறுபடி சத்தம் போடுகிறது. எழுதிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 5, வியாழன்

தம்பி தொலைபேசியில். பண்ணையில் நாலாயிரம் கோழி. தீவன விலை ஏறியதிலிருந்து மூன்று மாதமாக ஒரே புலம்பல்; இன்று சிரித்தான். தடை வந்ததும் குருணை, அதாவது உடைந்த அரிசி, விலை இறங்கிவிட்டதாம்.

"அக்கா, நீ அந்த சீட்டுல உக்காந்திருக்கறதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம்."

முடிவெடுத்தது மேலே இருப்பவர்கள், நான் பட்டியலை ஒட்டியதோடு சரி என்றேன். "யார் எடுத்தா என்ன, கோழி வயிறு ரொம்புதில்ல" என்றான். துறைமுகத்தில் ஒரு கப்பல் குருணையோடு நிற்கிறதாம். அதையும் இங்கேயே இறக்கிவிட்டால் இந்த வருடம் தலை தப்பும் என்றான். வழக்கம்போல் முதல் தேதி அவன் அனுப்பிய முட்டைத் தட்டில் இரண்டு உடைந்திருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அந்தக் கப்பல் என் மேசைக்கே வந்துவிட்டது. ஒன்பதாயிரம் டன். ஏற்றி முடித்த மறுநாள் தடை. வாங்கியது ஒரு சின்னத் தீவு நாடு. அதன் வணிகப் பிரதிநிதி நேரில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டைக் காலர் நைந்திருந்தது. இங்கே நான்கு வருடம் படித்தவராம். நம் பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"மேடம், எங்க சாப்பாட்ட உங்க பட்டியல்ல கோழித் தீவனம்னு போட்டிருக்கீங்க."

பகுப்பு அப்படித்தான் சார் என்றேன். வேறென்ன சொல்ல.

"முழு அரிசி வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ரேஷன்ல இதத்தான் குடுக்கறோம். இருபதாம் தேதியோட கிடங்கு காலி. சுத்திக் கடல்தானே, மீன் புடிச்சு சாப்பிடுங்கன்னு சொல்வாங்க. பெரிய நாட்டுக் கப்பலெல்லாம் மானிய டீசல்ல வந்து வாரிட்டுப் போயிடுது. எங்க படகு போறப்ப தண்ணிதான் இருக்கு."

மனுவை வாங்கிக்கொண்டேன். விலக்கு உணவுக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். "அதத்தான் மேடம் நானும் சொல்றேன்" என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

இயக்குநரிடம் சொன்னேன். பிரிவில் அவருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். பார்க்கலாம் என்றார்.

தீவுக்காரர் காலையிலிருந்து வராந்தாவில். ஒரு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பெஞ்சில் டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேகவைத்த குருணை, பக்கத்தில் கொஞ்சம் கீரை. மூலையில் ஒட்டியதைக்கூட ஸ்பூனால் வழித்தார். என்னைக் கண்டதும் மூடியைத் தேடினார்.

வெட்கப்பட வேண்டியவர் அவர் இல்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாட்டில் பாதிதான் நிறைந்திருந்தது, வந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

ஆவண அறையில் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். நாலு தும்மல். பட்டியல் தயாரித்த குறிப்பு முழுக்க என் கையெழுத்து. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, எதை ஆதாரமாக வைத்துப் பத்தி பிரித்தோம் என்று இருக்கிறது: துறை அறிக்கை, சந்தை விவரம், ஆலைகளின் கடிதம். குருணைக்கு எதிரே இரண்டே சொல் — 'பொது வழக்கு'.

என்ன பொது வழக்கு? எங்கள் வீட்டு வழக்கு. அம்மா அரிசியைச் சலித்தால் மேலே நின்றது எங்களுக்கு, கீழே விழுந்தது கோழிக்கு. எங்கள் கொல்லைப்புறத்தை உலகம் என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு மேலே மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கோழிதான் தின்றிருக்கும்.

மார்ச் 12, வியாழன்

கோப்போடு இயக்குநர் அறைக்குப் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்துப் பிழைன்னு போட்டுடுங்கம்மா. யாருக்கும் தலைவலி இல்ல."

எழுத்துப் பிழை என்றால் திருத்தம் வெளியாகும் நாளிலிருந்துதான் செல்லும். நிற்கிற கப்பலுக்கு உதவாது. சரக்கை இறக்கி, புது அனுமதி வாங்கி, மறுபடி ஏற்ற நாற்பது நாள் ஆகும். 'பகுப்புப் பிழை' என்றால் ஆணையின் முதல் நாளிலிருந்தே செல்லும். கப்பல் அன்றைக்கே கிளம்பலாம். ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பிழை செய்தவர் பெயர், பதவி.

"எழுத்துப் பிழை இல்ல சார். தெரிஞ்சுதான் எழுதினேன். எனக்குத் தெரிஞ்சதுதான் தப்பு."

"அடுத்த மாசம் உங்க பதவி உயர்வுக்குக் குழு உக்காருது. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பார்க்கலாம் சார் என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தம்பி.

"கப்பல இறக்குவாங்களா மாட்டாங்களாக்கா? இறக்கிடுவாங்கன்னு நம்பி இன்னும் ரெண்டாயிரம் குஞ்சு சொல்லி வெச்சிருக்கேன்."

மறைக்க வரவில்லை. தவறு என் பட்டியலில்தான், திருத்தப் போகிறேன், கப்பல் போய்விடும் என்று சொன்னேன். பின்னால் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

"எவனோ ஒருத்தனுக்காக என் பொழப்புல மண்ணப் போடறியா?"

"அவங்க சாப்பாடுடா அது."

"என் சாப்பாடு இல்லையா அது?"

வைத்துவிட்டான்.

அவன் சொன்னதும் பொய்யில்லையே. கோழி தின்றால்தான் அவன் வீட்டில் உலை ஏறும். அதற்கு என் பட்டியலில் பத்தி ஏது? நான் என்னதான் பண்ணட்டும்? கூடப் பிறந்தவன். ஒரு வார்த்தை, எழுத்துப் பிழைன்னு எழுதிட்டா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க. எல்லாரும்னா — இங்க இருக்கறவங்க.

மார்ச் 14, சனி

குழு முடியட்டும், மூணு வாரம் பொறுத்து எழுதேன் என்கிறார் என் கணவர். நான் பொறுப்பேன், இருபதாம் தேதி பொறுக்காது.

மார்ச் 16, திங்கள்

கட்டத்தில் பெயரை எழுதினேன். நடுவில் பேனா மை தீர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் ஒன்று வாங்கி முடித்தேன். பெயரில் பாதி நீலம், பாதி கறுப்பு. இயக்குநர் அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்திட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

கப்பல் மதியம் கிளம்பிற்று. நாலு நாள் பயணமாம். மின்விசிறியை மாற்றிவிட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

தம்பியை இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 25, புதன்

தீவுக்காரரிடமிருந்து ஒரு வரிக் கடிதம்: 'ஒரு நாள்தான் ரேஷன் கடை மூடியிருந்தது, நன்றி.' கோப்பில் சேர்த்தேன்.

குருணை விலை பழையபடி ஏறிவிட்டதாகப் பேப்பரில் இருக்கிறது. தம்பி மனைவி கூப்பிட்டாள். குஞ்சு வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். இருக்கிற கோழியிலும் பாதியை விற்றாயிற்றாம். "அவர் கோவம் போனா பேசுவாரு, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்றாள். அவளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனது. போனை வைத்த பிறகு அழுதேன்.

ஏப்ரல் 9, வியாழன்

பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. தெரிந்ததுதான். ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 11, சனி

புதிய பொருள் பட்டியல் அச்சாகி வந்தது. குருணை உணவுப் பத்தியில், ஏழாவது வரி. எதிரே ஆதாரம்: இறக்குமதி நாட்டின் ரேஷன் அறிக்கை. சரியாக இருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போய் ஆறு முட்டை கேட்டேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "உங்களுக்கு முட்டை வீட்டுக்கே வந்துடுமே மேடம்?" என்றார்.

இந்த மாசம் வரல என்றேன்.