அக்காவின் இடது புருவம்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருசம்; போன ஞாயிறு உன் ஆட்டைத் திவசம் நல்லபடி முடிந்தது. ஹம் நகரத்து மண்டபம் நிறையச் சனம். உன் படத்துக்காக நான் போட்ட சண்டையைத்தான் நீ பார்க்காமல் போய்விட்டாய்.

அத்தான் உன் படத்தைப் பெரிதாக்க ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தார். நம்மவர் வழக்கம் தெரியும்தானே, செத்த பிறகுதான் பலருக்குப் படத்தில் கோட்டும் டையும் கிடைக்கும். உனக்குக் கிடைத்தது அரக்குப் பட்டும் கழுத்தில் கல் அட்டியலும். அதோடு விட்டார்களா? நெற்றிக் கோடுகளை அழித்து, எப்போதும் உயர்ந்தே நிற்கும் உன் இடது புருவத்தை இறக்கி வலதோடு சமமாக்கிவிட்டார்கள். யாரோ ஒரு சாந்தமான பெண் அந்தப் படத்தில் இருந்தாள்.

"வடிவாத்தானே கிடக்கு," என்றார் அத்தான்.

"வடிவுதான். ஆனா அக்கா எங்கை அத்தான்?"

ஹனோவர் அருங்காட்சியகத்தில் நான் காவலுக்கு நிற்பவள். "சும்மா நிக்கிறதுக்கும் சம்பளமோ?" என்று கேட்டவள்தானே நீ! சும்மா நிற்கவில்லை அக்கா, பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் கூடத்தில் மறுமலர்ச்சிக் காலத்து வணிகர் ஒருவரின் ஓவியம் இருக்கிறது. உரோமக் கழுத்து வைத்த மேலங்கி, மோதிரம், கையில் தோல் கையுறை. பெரிய இடத்து ஆள் என்று உடுப்பே சொல்லிவிடும். ஆள் எப்படிப்பட்டவர் என்பதை இறுக்கி மூடிய வாயும் விலை பேசும் கண்ணும் சொல்லும். ஓவியர் உடுப்பில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், முகத்தில் கை வைக்கவில்லை.

அதைத்தான் அத்தானுக்கும் சொன்னேன். "பட்டும் அட்டியலும் இருக்கட்டும், அக்கா வேண்டாமெண்டு சொல்லமாட்டா. புருவத்தை மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கோ."

"கோவமா நிக்கிறா எண்டு சனம் சொல்லுமே?"

"சொல்லட்டும். அது உண்மைதானே."

அந்தப் புருவம் இல்லாமல் உன் மரக்கறிக் கடை நடந்திருக்குமா? வாடிய முருங்கைக்காயோடு வந்தவன் அதைக் கண்டதுமே பெட்டியைத் திரும்ப ஏற்றுவான். சீனி வருத்தக்காரரான அத்தான் இனிப்பைத் தொடாமல் இவ்வளவு காலம் தப்பியதும் அதனால்தான். கடைசியில் அவரே ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்தார்.

திவசத்தன்று படையல் முடிந்ததும் அத்தான் ஒரு மோதகத்தை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும்போது தற்செயலாக உன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். கை பாதியில் நின்றது. மோதகத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"பாக்கிறாள்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன்.

படத்தை இப்போது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேரே மாட்டியிருக்கிறோம். அத்தானை நீ பார்த்துக்கொள். அந்தப் புருவத்தில் இனி யாரும் கை வைக்காமல் நான் காவல் நிற்பேன். இதற்குச் சம்பளம் வேண்டாம்.

உன்னிடம் கடைசிவரை பேச்சு வாங்கிய
தங்கச்சி