ஆறும்போது சுருங்கும்

மார்ச் 4

இன்று மதியம் இவர் தண்ணீர் என்று நினைத்து, சாக்கடை அடைப்பை நீக்கும் காரத்தைக் குடித்துவிட்டார். ஒரே மடக்கு. குழாய் ரிப்பேர்க்காரன் அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போயிருக்கிறான். "பெரிய கேனைத் தூக்கிட்டு மாடி ஏற முடியுமாக்கா?" என்கிறான். மிச்சத்தை அவன் வாயிலேயே ஊற்றியிருப்பேன்.

நான் என் திரைச்சீலைக் கடையிலிருந்து ஓடி வருவதற்குள், வாந்தி எடுக்கட்டும் என்று நாத்தனார் உப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். கெட்டிக்காரி!

மார்ச் 5

ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மூக்கு வழியாகக் குழாய்.

"இறங்கும்போது ஒருதடவை சுட்டிருக்கு. வாந்தியில ஏறும்போது இன்னொருதடவை," என்றார் டாக்டரம்மா.

"நல்லதுக்குன்னுதானே அண்ணி..." என்று இழுத்தாள் நாத்தனார்.

நல்லதாம்.

மார்ச் 20

வீடு வந்தாயிற்று. டாக்டரம்மா இவரிடம் தெளிவாகச் சொன்னார்: "புண் ஆறும்போதுதான் உணவுக்குழாய் சுருங்கும். வலி போயிடுச்சுன்னு வராம இருந்துடாதீங்க. உள்ள பலூனை விட்டு ஊதி, சின்னதுல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா விரிச்சுக்கிட்டே வரணும். ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை."

தலையாட்டினார். இவர் தலையாட்டினால் செய்யமாட்டார் என்று அர்த்தம்.

மார்ச் 28

முதல் பலூன். ஒரு ஹோட்டலில் நாற்பது ஜன்னல், திரைச்சீலைக்கு அளவெடுக்க நான் போயே ஆகவேண்டும். இவரைக் கடை டிரைவருடன் அனுப்பினேன்.

ஏப்ரல் 11

"எப்படி இருந்துச்சு?" "ம்."

ஏப்ரல் 25

"ம்."

மே 2

மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மிக்ஸி ஓடுகிறது. சோறு, காய் எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, டம்ளரில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விழுங்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் டம்ளரை மறைக்கிறார், திருட்டுப் பூனை மாதிரி.

டிரைவரைப் பிடித்து உலுக்கினேன். முதல் தடவைக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கவில்லையாம். இரண்டு தடவையும் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்கள். டிமிக்கி! இந்த வயசில்! கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மே 3

இழுத்துக்கொண்டு போனேன். பென்சில்கூட நுழையாதாம். "இன்னும் விரிக்கலாம். ஆனா மெதுவாத்தான் போகணும். மறுபடி விட்டீங்கன்னா வயித்துல துளை போட்டு, குழாய் வழியாத்தான் சாப்பாடு," என்றார் டாக்டரம்மா.

வண்டியில் ஏறியதும் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிறகு:

"அங்க எல்லார் பக்கத்துலயும் ஒரு ஆள் இருக்கு. மயக்கம் தெளிஞ்சு நான் கண்ணு முழிச்சா டிரைவர் குறட்டை விடறான். துணி மூட்டை அனுப்பற மாதிரி என்னை அனுப்பிவச்சே."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கடை யாருக்காக? அதையும் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 4

பேரம் பேசத் தெரிந்தவள் என்று பெயர் எனக்கு. பேசினேன்.

"காலையில கூட வரேன். மதியம் கடையைத் திறந்துக்கறேன்."

"வேணாம். நீ கடைக்கே போ."

"மூணு மணிக்குத் திறக்கட்டுமா?"

"முடியாது."

"நடுவுல கடைக்கு ஒரு போன் மட்டும்—"

"ஒண்ணும் கிடையாது."

இந்த மனுஷனையா இருபது வருஷமாக வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்!

முடிந்தது இது: ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பலூன், டாக்டரம்மா போதும் என்கிறவரை. ஒன்றுகூடத் தவறக்கூடாது. அன்றைக்கு முழு நாளும் கடை ஷட்டர் இறங்கியிருக்கும். அவர் கண் விழிக்கும்போது கட்டில் பக்கத்தில் நான். போன் வீட்டில்.