சத்தம் வராத பதினொரு நிமிடம்

பாய்,

பழைய கணினியை எடைக்குப் போட இன்று கழற்றினேன். டிவி நிகழ்ச்சிகளைக் கணினியில் பதிவு செய்ய வைத்திருந்த ட்யூனர் கார்டு கையில் வந்தது. உங்களுக்கு எழுதத் தோன்றியது. வரிசை இல்லாமல் எழுத எனக்கு வராது. ஆகவே:

1. கார்டில் நான் செய்த தவறு.
2. நீங்கள் சொல்லியும் நான் கேட்காதது.
3. உங்களிடம் மன்னிப்புக் கேட்டது.

உங்கள் வீட்டம்மா டிவியில் சமைக்கப்போவது ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் தெருவுக்கே அப்போது தெரிந்திருந்தது. ஒரு முறைதான் ஒளிபரப்பு. துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்பவேண்டும், பதிவு செய்து தாருங்கள் என்று கேட்டீர்கள். நானும் ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரம் இடி இடித்ததில் என் கார்டு போய்விட்டது. அதே பெயர், அதே பெட்டி என்று பார்த்துப் புதிது வாங்கினேன். கடைக்காரர் அதைப் பொருத்தி, கேபினட்டில் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார். பெட்டியில் இருந்த சிடியை நான் பிரிக்கவில்லை. கார்டை இயக்கும் மென்பொருள் இருந்த பழைய டிரைவர் சிடியிலும் அதே பெயர்தான் இருந்தது. நான்கு வருடம் நம்பிய சிடி, அதையே ஏற்றினேன். படம் வந்தது, சத்தம் வரவில்லை. கேபிளை மாற்றினேன். டிரைவரை நீக்கி நீக்கி ஏழு முறை ஏற்றினேன்.

மறுநாள் காலை, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே நீங்கள் வந்தீர்கள். மோட்டாரைக் கழற்றிக் கம்பிச்சுருள் கட்டுகிறவர் நீங்கள்.

“ஒரு தபா கழட்டிப் பாத்துடலாம் சார். மூடி வச்சிகினு வெளியருந்து விசாரிச்சா அது இன்னா பதில் சொல்லும்?”

ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போய்விடும் என்றேன். நீங்கள் மேலே வற்புறுத்தவில்லை.

நிகழ்ச்சி பதினொரு நிமிடம் ஓடியது, சத்தமில்லாமலே பதிவானது. உங்கள் வீட்டம்மா கரண்டியை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். “உப்பப் பத்தித்தான் சொல்லுவா, என்னியத்தான் வாருறா” என்றீர்கள்.

அன்று மாலை ஸ்டிக்கரைக் கிழித்தேன். கார்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் புதிய ரிவிஷன் எண் இருந்தது. ஒலிக்கான சிப்பையே மாற்றியிருந்தார்கள். பழைய டிரைவருக்கு அதைத் தெரியாது. புதிய சிடியைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு சோப்பு விளம்பரம் கணீரென்று பாடியது.

அடுத்த வருடம் உங்கள் வீட்டம்மா இறந்துபோனார். சில நாள் கழித்து வந்து, அந்தப் பதிவில் ஒரு பிரதி கேட்டீர்கள். சிடியோடு, நடந்ததை விளக்கி இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தேன். நின்றபடியே படித்தீர்கள். “தெளிவா எழுதிக்கிறீங்க சார்” என்று சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள்.

அதன் நகலை இப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன். ரிவிஷன் எண் இருக்கிறது, சிப்பின் பெயர் இருக்கிறது, ஏழு முறையும் என்னென்ன செய்தேன் என்பது இருக்கிறது. மேலே வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு, பாய். மன்னியுங்கள் என்று ஒரு வரி அதில் இல்லை.