நீங்கள் தின்னாத ஜிலேபி

அக்கா,

மேசைமேல் என் ரத்தப் பரிசோதனைத் தாள் கிடக்கிறது. அதில் 'மூன்று மாதச் சர்க்கரை' என்று ஒரு வரி. நான் வேலை பார்த்த லேபில் இப்படி ஒரு பரிசோதனை இருந்ததில்லை. இப்போது நான் இருக்கும் புரோத்ராபூரிலிருந்து பஸ் ஏறிப் போய் இதை வாங்கி வந்த நாளிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் போலிருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது பேசுகிறேன்.

"மூணு மாசத்துச் சர்க்கரை இன்னிக்கு எடுத்த ரத்தத்துல எப்படிம்மா தெரியும்?" என்று அந்தச் சின்ன வயது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"சர்க்கரை ரத்தத்துல இருக்குற புரதத்துல போய் ஒட்டிக்கும் ஆன்ட்டி. ஒட்டினா லேசுல போகாது. ரொட்டி சுடும்போது செவக்குதுல்ல, கிட்டத்தட்ட அதே வேலைதான் உடம்புக்குள்ள மெதுவா நடக்குது."

அப்படிக் கெட்டுப்போன புரதங்கள் சேரச் சேர ரத்தக்குழாயும் சிறுநீரகமும் பழுதாகுமாம். உள்ளுக்குள் ஓயாமல் அழற்சி இருக்குமாம். புற்று வளர அது இடம் கொடுக்கிறதா என்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

"அப்ப சர்க்கரையாலதான் கேன்சரா?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. சில பேருக்குத் தலைகீழாவும் நடக்கும். கணையத்துல கட்டி முதல்ல வந்துரும், அது சர்க்கரையை ஏத்திவிடும். பத்தியமாத்தான் இருப்பாங்க. உடம்பு இளைச்சுக்கிட்டே போகும், சர்க்கரை மட்டும் இறங்காது."

அவள் அறியாமல் உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளின் கடைசி. நீங்கள் போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். புருஷன் போன பிறகு திருநெல்வேலியிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவர். நான் மதுரையிலிருந்து வந்து ஒரு சின்ன டிஸ்பென்சரியில் லேப் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் குவார்ட்டர்ஸில் சாப்பாடு. திங்கட்கிழமை நீங்கள் ஒரு சின்னப் பாட்டிலோடு என் ஜன்னலுக்கு வருவீர்கள். நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டுவேன். சர்க்கரை இல்லையென்றால் நீலம் அப்படியே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறும். மிக அதிகமென்றால் செங்கல் சிவப்பு.

"இன்னைக்கு என்ன கலருட்டி? சேலை எடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் பச்சைதான். டிஸ்பென்சரி ஆயாகூடச் சிரிப்பாள்.

அந்த வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் உங்களுக்குச் சிவப்பு வர ஆரம்பித்தது. வாராவாரம் சிவப்பு. மாத்திரையைக் கூட்டியும் சிவப்பு. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. அப்போதுதான் ஒரு சாயங்காலம் அபர்டீன் பஜாரில், மிட்டாய்க் கடை வாசலில், கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு உங்களைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஜன்னலில் பத்துப் பேர் நின்றார்கள். பத்தியமாகத்தான் இருக்கிறேன் என்றீர்கள். டியூபைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தேன்.

"சும்மா ஜூட் பேசாதீங்க அக்கா. நீங்க பொய் சொல்லலாம், டியூப் சொல்லாது. கடைவாசல்ல நான்தான் பாத்தேனே."

"ஏட்டி, அது எங்க பியூனுக்குப் பொம்பளப் பிள்ள பொறந்திருக்குன்னு வாங்கினது. பிள்ளயப் பாக்க வெறுங்கையோடயா போவ? நான் ஒரு துண்டு தின்னல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம் நீங்கள் எங்கள் டிஸ்பென்சரி டாக்டரிடம் மெட்ராஸ் போய்க் காட்ட எழுதித் தரக் கேட்டீர்கள். முதுகுக்குள் ஏதோ குடைகிறது என்றீர்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "வாயைக் கட்டுறாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், மறைச்சுத் தின்றாங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். முதலில் பத்தியம், கப்பல் அப்புறம் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் கோபப்படவில்லை. ஒரு பையில் இரண்டு சேலையோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். "மூணு நாளு லீவு போட்டிருக்கேன். என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போ. நீ போடுதத மட்டும் திங்கேன். அப்புறம் பாரு" என்றீர்கள். வெட்கமில்லாமல் பூட்டினேன் அக்கா. கஞ்சியும் கீரையும் போட்டேன். அதிலும் பாதியை வைத்துவிட்டீர்கள். நாலாம் நாள் காலையில் லேபில் உங்கள் கண்முன்னால் டியூபைச் சூடுகாட்டினேன். செங்கல் சிவப்பு.

நீங்கள் டியூபைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தீர்கள்.

"டியூப் சரியா கழுவல போல" என்றேன்.

கழுவியிருந்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோனது. டாக்டர் அறை பத்தடி தூரத்தில். போய், "சார், நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேர் முன்னால் டியூபைத் தூக்கிக் காட்டியவள் அதை எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அந்த வாரமே கப்பல் போய்விட்டது. அடுத்தது வர ஒரு மாதத்துக்கு மேலானது. அதற்குள் உங்கள் கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டர் பார்த்துப் பதறிப்போய், தாமே சீட்டு ஏற்பாடு செய்தார்.

சாத்தம் ஜெட்டியில் உங்களைக் கைத்தாங்கலாகக் கப்பலில் ஏற்றினோம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். "மாத்திரையை மறந்துராதீங்க" என்றுதான் வாயில் வந்தது.

"மெயின்லேண்டுல போயி நான் ஜிலேபி தின்னா ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று சிரித்தீர்கள். உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு இன்றைக்கும் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

மெட்ராஸில் வயிற்றைத் திறந்து பார்த்து, கணையத்தில் கட்டி, ஒன்றும் செய்வதற்கில்லை என்று மூடிவிட்டார்களாம். உங்கள் தம்பியின் கடிதத்தில் கடைசி வரியில்தான் நீங்கள் போன செய்தி இருந்தது. அதற்கு முந்திய வரியில், "அக்கா உங்களை விசாரித்தாள்" என்று எனக்கு எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை.

ஒரு மாதம் முன்னால் போயிருந்தாலும் பிழைத்திருப்பது சந்தேகம்தான் என்றாள் இந்தச் சின்ன டாக்டர். யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லாமல்தான் கேட்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. நான் உங்கள் பெயரைக் கெடுத்தேன், பயணத்தைத் தள்ளிப்போட வைத்தேன் என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நோய் தன்னைக் காட்டிக்கொண்ட முதல் அடையாளத்தை, அந்தச் சிவப்பை, திருட்டுத் தீனி என்று சொல்லி மறைத்தவளும் நானே.

அதன்பிறகு முப்பது வருஷம் அதே வேலைதான் பார்த்தேன். டியூப் எந்த நிறத்தில் வந்தாலும் யாரையும் "என்ன தின்னீங்க?" என்று கேட்டதில்லை. இளைத்தவர்கள் வந்தால் நானே டாக்டரிடம் கூட்டிப்போய் உட்கார வைப்பேன். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். இந்தப் பொறுமையை எங்கே கற்றீர்கள் என்று ஒரு நர்ஸ் கேட்டாள். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

எல்லாம் தானாக வந்ததுதான் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டேன் அக்கா.