கொஞ்சல் வேறை, பரிசு வேறை

எடி, இன்று ஞாயிறு. அல்பெர்கேரியாப் பகுதியில் நம் தமிழ்ப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கப் போனால், யாரோ ஒரு பிள்ளை படியிலேயே தோடம்பழம் உரித்துத் தின்றுவிட்டுத் தோலைப் போட்டிருக்கிறது. அந்த வாசத்தோடு நீ வந்துவிட்டாய். வாசல் கதிரையில் இருந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் உரித்துக் கொடுப்பாயே! நீ கண்மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது. அந்தக் கதிரையில் இப்போது நான் இருக்கிறேன்.

கடல் கடந்து வந்தும் மாறாத நம் சனத்தின் பழக்கம் உனக்குத் தெரியும். தமிழ் கதைக்கிற ஆண் யாராயிருந்தாலும் மாமா. மாமா கன்னத்தைக் காட்டினால் பிள்ளை முத்தமிட்டுக் கொஞ்ச வேண்டும். மறுத்தால் தாய்க்கு வெட்கம்.

நீ இங்கே படிப்பித்த காலத்தில் நடந்த அந்தப் பரிசளிப்பு விழாவுக்கு, மொண்டெல்லோக் கடற்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பெரியவர்தான் வழக்கம்போலப் பரிசு கொடுக்க வந்திருந்தார். முதலாம் வகுப்புச் சிறுமி மேடைக்கு வந்ததும் பரிசுப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு குனிந்தார்.

"முதல்லை மாமாவுக்கு ஒரு கொஞ்சு. பிறகுதான் பரிசு."

பிள்ளை விறைத்து நின்றது. சபை சிரித்தது. "குடு பிள்ளை, குடு" என்று தாய் கீழேயிருந்து சொன்னாள். "வேண்டாம்" என்றது பிள்ளை. நீ விறுவிறுவென்று மேடையேறினாய்.

"கொஞ்சல் வேறை, பரிசு வேறை, ஐயா. பரிசைக் குடுங்கோ."

ஐயோ, அந்த மனிதரின் முகம்! கொடுத்தார்தான், ஆனால் சாப்பிடாமலே போய்விட்டார்.

அடுத்த கிழமைப் பெற்றோர் கூட்டத்தில், மன்னிப்புக் கேள், இல்லையென்றால் படிப்பிக்க வராதே என்று உன்னிடம் சொன்னார்கள். "இது வெள்ளைக்காரப் பழக்கம்" என்று ஒருவர் பாய்ந்தார். "இஞ்சை வெள்ளையள் ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சுறாங்களே, பிறகென்ன?" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ சிரிக்கவில்லை. "அவர் நல்ல மனுசர்தான். நல்ல மனுசருக்கு முன்னாலை வேண்டாமெண்டு சொல்லிப் பழகினால்தான், கெட்டவன் வரேக்கை பிள்ளைக்கு வாய் வரும்."

அந்தச் சிறுமியின் தாய் எழும்பினாள். "குடு எண்டு சொன்னது நான். ரீச்சர் ஏன் மன்னிப்புக் கேக்கோணும்? ரீச்சர் வராட்டி என்ரை பிள்ளையும் வராது."

மன்னிப்புக் கதை அதோடு முடிந்தது. அன்றிலிருந்து கொஞ்சலா, கைகுலுக்கலா, வெறும் வணக்கமா என்று வாசலில் பிள்ளைதான் சொல்லும். அந்தப் பெரியவர்கூட இப்போது கைகூப்பிவிட்டு, பிள்ளை என்ன செய்யும் என்று பார்த்து நிற்கிறார்.

இன்று உன் சின்னவள் தகப்பனோடு வந்தாள். உன் மூக்கு, உன் நடை. எனக்குத் தாங்கவில்லை. கதிரையை விட்டெழும்பிக் கைகளை விரித்தேன்.

"வாடி செல்லம், அன்ரிக்கு ஒரு கொஞ்சு."

"வேண்டாம் அன்ரி. இண்டைக்கு வணக்கம் மட்டும்."

"குடம்மா" என்று வாயெடுத்த தகப்பனைக் கண்ணால் மறித்தேன். கைகூப்பினேன். அவளும் கூப்பிவிட்டு உள்ளே ஓடினாள். அழுகையும் வந்தது, சந்தோசமும் வந்தது.

எடி, நீ நிம்மதியாய் இரு. உன் பிள்ளைக்கு வாய் இருக்கிறது.